சாமிக்கு வெள்ளிக்கிழமை லீவு

நந்தினியை நாம் விட்டுவந்தது பூக்கடை வாசலில். மல்லி முழம் போட்டுக்கொண்டிருந்த தனம் போகிற போக்கில், "இன்னா நந்தினி, தங்கச்சிக்கு ஆவணி கடைசில கல்யாணமாமே, பட்டு எடுத்தாச்சா?" என்று கேட்டுவைத்தாளே, அங்கே. கூடப் பிறந்த கவிநிலாவின் கல்யாணச் சேதி பூக்காரி வாயால் வந்து சேர்ந்ததில், அளந்த பூவை வாங்கிக்கொள்ள நந்தினிக்குக் கை வரவில்லை, வேண்டாமென்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பதும், அது பக்கத்து வீட்டுக்கு வந்த ஆளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக ஆடி மாசம் ஓடிவிட்டது. ஆடியில் யாராவது பத்திரிகை வைப்பார்களா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இப்போது ஆவணியும் பிறந்துவிட்டது. அந்தச் சமாதானமும் போயிற்று.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருக்கிற சின்ன மியூசியத்தில் நந்தினி உதவியாளர். வட்டாரத் தொன்மைப் பாதுகாப்பு வாரியம் என்று வாய் வலிக்கிற பேர் கொண்ட ஓர் அமைப்பு நடத்துவது. வாரியம் மனசு வைத்தால் ஓடு மாற்றுவார்கள். வைக்காவிட்டால் மழைக்கு வாளி வைப்பார்கள்.

கூடப் படித்த மாறனை ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவள் ஊரை விட்டு வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. வேறு சாதி. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி கொளத்துமேட்டில் இருக்கும் அப்பா சின்னசாமி அன்றைக்கு மூடிய வாயை அவளிடம் இன்னும் திறக்கவில்லை.

அதோடு போயிற்றா? நாலு வருஷத்துக்கு முன்னால் ரோடு அகலப்படுத்த வந்த மெஷின், அந்தக் குடும்பத்துக் குலதெய்வமான வேடியப்பன் கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. வாரியத்துக்காரர்கள் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம் எது? நந்தினி வேலை பார்க்கிற அதே மியூசியம்! லாரி வாசலில் வந்து நிற்கும்வரை பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஊர் நம்புமா? அவள்தான் ஆள் வைத்துத் தூக்கிவிட்டாள் என்று பேசிக்கொண்டது.

"பொண்ணும் போச்சு, சாமியும் போச்சு. ரெண்டும் ஒரே கட்டடத்துல உக்காந்துக்கினு கீது" என்று சின்னசாமி டீக்கடையில் சொன்னாராம். கல்லைத் திருப்பித் தரச்சொல்லி மனு மேல் மனு போட்டார். மியூசியத்துப் படியை மட்டும் ஒருநாளும் மிதித்ததில்லை.

அந்த மனுவுக்கு இந்த வெள்ளிக்கிழமை ஒரு முடிவு வரப்போகிறது. வாரியத்திலிருந்து அறிவுமதி மேடம் பார்வையிட வருகிறார். கல்லை ஊருக்கே கொடுத்து அங்கே ஒரு கொட்டகை போட்டுத் தரலாமா, இல்லை இங்கேயே இருக்கட்டுமா என்று அவர் எழுதுவதுதான் தீர்ப்பு.

* * *

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, உனக்கு லீவாச்சே?" சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டான் மாறன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறவன். சட்டைக்குச் சட்டை பொறி பட்ட ஓட்டை இருக்கும்.

"வாரியத்து மேடம் வராங்க. எல்லாம் தூசு தட்டி வெக்கணும். மத்தியானம் வந்து கூட்டிக்கினு போறீங்களா?"

"வரேன்." சீப்பை எடுத்தவன் நின்றான். "நந்தினி, பத்திரிகை வந்தா நீ போய்ட்டு வா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நீங்க?"

"என்னை விட்டுடு. நான் ஒரு தடவை போய்ப் பாத்தவன்."

கல்யாணமான முதல் தீபாவளிக்கு, அவளுக்குத் தெரியாமல் ஸ்வீட் பெட்டியோடு கொளத்துமேட்டுக்குப் போனவன் அவன். கதவைத் தட்டியிருக்கிறான். "யாரு?" என்று உள்ளிருந்து குரல். "மாறன்" என்றதும் வீட்டு லைட் அணைந்துவிட்டது. அந்தப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தான். ஒரு மாசம் கழித்து எறும்பு வந்ததும்தான் எடுத்துப் போட்டார்கள்.

"நம்ம பக்கம் மாப்பிள்ளைய எப்படிக் கூப்பிடுவாங்க? தாம்பாளத்துல வேட்டி வெச்சுக் கூப்பிடுவாங்க இல்ல? அப்படிக் கூப்பிடட்டும், பாக்கலாம்" என்று சிரித்தான் மாறன். வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தபின், "அப்பவும் வருவேன்னு சொல்லல" என்று சேர்த்துக்கொண்டான்.

வேட்டியாவது மண்ணாவது! தனக்கே ஒரு பத்திரிகை வருமா என்று நந்தினி தவித்துக் கிடக்கிறாள்.

* * *

மியூசியத்தில் ஆபீஸ் போன் அடித்தபோது அவள் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நந்தினி, நீதானா?" அம்மா தங்கம்மாள். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து. அமாவாசைக்கு அமாவாசை காய்கறி வாங்க வருகிற சாக்கில் பேசுவாள். இன்றைக்கு அமாவாசை இல்லையே என்று நந்தினிக்குத் திக்கென்றது.

"ரூபா காசு கம்மியா இருக்கு, நான் சொல்றத மட்டும் கேளு. அப்பா விடியக்காலமே மொத பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாரு. மொதப் பத்திரிகை வேடியப்பனுக்கு."

"இங்கயா வராரு?"

"பின்ன? சாமி எங்க கீதோ அங்கதான வெக்கணும்? நாலு வருஷமா செங்கல்லுக்கு மஞ்சப் பூசிக் கும்புட்டோம். கல்யாணப் பத்திரிகைய செங்கல்லுக்கா வெக்கிறதுன்னு ராத்திரி பூரா பொரண்டுக்கினு இருந்தாரு. நான் கூட வரேன்னதுக்கு, நீ வந்தா அழுவ, வேணாம்னுட்டாரு."

"அம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. மியூசியம் லீவு. கேட்டே தொறக்க மாட்டாங்க."

"இன்னாடி பேச்சு இது? வெள்ளிக்கிழமை அதுவுமா சாமிக்கு லீவா?"

சிரிப்பு வந்தது நந்தினிக்கு. நாள் பார்த்து, கிழமை பார்த்து, ஆவணி முதல் வெள்ளி என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கோயில் என்றால் அன்றைக்குத்தான் கூட்டம். சர்க்கார் மியூசியத்துக்கு அன்றைக்குத்தான் பூட்டு. இது கொளத்துமேட்டுக்கு எப்படித் தெரியும்?

சிரித்த வாயோடே கேட்டுவிட்டாள். "அம்மா... எனக்கும் வெச்சிருக்காரா?"

போனில் பஸ் ஹாரன் சத்தம்தான் கேட்டது.

"நீ கேட்டைத் தொறந்து வுடு கண்ணு" என்றாள் தங்கம்மாள். குரல் இறங்கியிருந்தது. "எதிர்ல மட்டும் நிக்காத. உன்னைப் பாத்தா அப்படியே திரும்பி வந்துடுவாரு. சாமிக்கு எடுத்தும்போன பத்திரிகை திரும்பி வந்தா அந்தக் கல்யாணம் இன்னா ஆவறது? உன் தங்கச்சிக்காக..."

லைன் போய்விட்டது.

பெற்ற அப்பன் வருகிறான். கதவைத் திறந்துவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டுமாம். நந்தினிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த நிமிஷம் கோபமும் போய், அவர் என்ன சட்டை போட்டு வருவார், இளைத்திருப்பாரா என்று நினைக்க ஆரம்பித்துவிட்டாள்.

* * *

"இன்னிக்கா?" காப்பாட்சியர் ராஜேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நல்ல மனுஷன், ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தாலே சர்க்கரை ஏறிவிடும். "மேடம் பன்னெண்டு மணிக்கு வராங்கம்மா! மனுஷன் சூடம் கொளுத்தி, மஞ்சத் தண்ணி ஊத்திட்டுப் போனா, அதை ரிப்போர்ட்ல எழுதிட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க."

"பத்தரைக்கு ராகு காலம் சார். அதுக்குள்ள வெச்சுட்டுப் போயிடுவாரு. நீங்க கூட நின்னு, சூடம் வேணாம்னு சொல்லிடுங்க."

"நானா? நீ எங்க போற?"

"நான் தாழிக்குப் பின்னாடி."

ராஜேந்திரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி இருக்கிறாள். "சரி, போய் கேட்டைத் தொற" என்றார்.

திறந்துவைத்தாள். ஒன்பது மணி ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியவர் இதற்குள் எப்போதோ வந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தாலும் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆசிரமத்துக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, போர்டைப் படித்துவிட்டுப் போனார்கள். பத்து மணியும் ஆயிற்று. வழி தெரியாமல் நிற்கிறாரோ? இல்லை, வாசல்வரை வந்து மனசு மாறித் திரும்பிவிட்டாரோ? நந்தினி கேட்டுக்கும் கடிகாரத்துக்குமாக நடையாய் நடந்தாள்.

ராகு காலம் பிறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பை தெரிந்தது.

இளைத்துத்தான் போயிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

நந்தினி ஓடிப்போய் தாழிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த பெரிய பானை அது. மார் உயரம் இருக்கும். வேடியப்பன் கல்லுக்கு எதிரே, ஆறேழு அடியில்.

"செருப்புப் போட்டுக்கினே வரலாங்கய்யா" என்றது ராஜேந்திரன் குரல்.

"சாமி கீற எடத்துல எப்படீங்க?"

அந்தக் குரல்! இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாள். தாழியின் வழவழப்பான வயிற்றில் கையை ஊன்றிக்கொண்டாள். எழுந்து போய்க் காலைக் கட்டிக்கொண்டால் என்ன செய்துவிடுவார்? திரும்பிப் போய்விடுவார். அதுதானே பயம். அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சின்னசாமி கல்லுக்கு முன்னால் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஊரில் அந்தக் கல்லுக்கு முகமே கிடையாது. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி, ஒரு கறுப்புத் திட்டு மட்டும்தான் நிற்கும். அதைத்தான் அவர் தாத்தா கும்பிட்டார், அவர் அப்பா கும்பிட்டார், அவரும் கும்பிட்டார். இங்கே அதெல்லாம் போய்க் கல் தெளிந்திருந்தது. இடது கையில் வில், வலது கையில் குறுவாள், காலடியில் மூக்கு வைத்த ஒரு கெண்டி. பக்கவாட்டில் முடிந்த கொண்டை. மீசை இப்போதுதான் அரும்புகிற முகம்.

"இது... எங்க வேடியப்பனா?"

"அவரேதாங்க. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில செத்த வீரன். அந்தக் காலத்துல அப்படிச் செத்தவங்களுக்குக் கல்லு நடுவாங்க."

"சின்னப் பையனா கீறானே." சின்னசாமி இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். "எங்கப்பன் வயசு ஆளுன்னு நெனச்சு இத்தினி நாளா சாராயமும் சுருட்டும் வெச்சுக்கினு இருந்தோமே! பால் மணம் மாறாத மூஞ்சிங்க இது."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரு சுத்தம் பண்ணாங்க?"

ராஜேந்திரன் தாழிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க உதவியாளர். நாலு மாசம் ஆச்சு, பிரஷ் வெச்சு மெதுமெதுவா..." என்றார்.

"ஆம்பளையா?"

"இல்லீங்க."

அந்த வகையறாவில் பெண்கள் கல்லைத் தொடக்கூடாது. தள்ளி நின்று பொங்கல் வைக்கலாம், அவ்வளவுதான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. அவளுக்கு இனி புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. இதெல்லாம் தெரிந்துதான் நந்தினி நாலு மாசமும் அந்த முகத்தைத் துடைத்தாள். வீட்டு மனுஷர் ஒருத்தர் முகத்தையாவது தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

சின்னசாமி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நந்தினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொம்பள தொட்டும் நல்லாத்தான் கீறான்" என்றார் அவர்.

பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ. மடித்த துணி. அதன்மேல் பத்திரிகை. சூடத்தை எடுத்ததும் ராஜேந்திரன் பதறிப்போனார். "ஐயா, கொளுத்தக் கூடாதுங்க. கல்லு கெட்டுடும்."

"கொளுத்தல. சும்மா வெக்கிறேன். வாசனையாவது புடிக்கட்டும்" என்று பத்திரிகை பக்கத்தில் சூடத்தை வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். கவிநிலா பேர் மட்டும் காதில் விழுந்தது.

"ஐயா, தப்பா நெனக்காதீங்க. இங்க எதையும் விட்டுட்டுப் போகக் கூடாது. விட்டா நாங்க எடுத்துடணும்."

"எடுக்கத்தான வேணும்? எங்க ஊர்ல சாமிக்கு வெச்சத பூசாரி எடுத்துக்குவான். எடுத்தான்னா அவனுக்கு வெச்ச மாதிரி, கல்யாணத்துக்கு வந்துடணும். இங்க எடுக்கிற ஆளு யாரோ, அவங்க எடுத்துக்கட்டும்."

நந்தினி காதைத் தீட்டிக்கொண்டாள். தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா?

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் கதவை அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது. "ஐயோ, மேடம்! பன்னெண்டுன்னாங்களே!" என்று ராஜேந்திரன் ஓடினார்.

* * *

அறிவுமதி மேடம் வந்ததும் தாம்பாளத்தைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். அவர் வெறுங்காலைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பார்வையாளரா, ராஜேந்திரன்?"

"இல்ல மேடம்... அது வந்து..."

"நான் கொளத்துமேட்டு சின்னசாமிங்கம்மா. இந்தச் சாமியோட குடி."

"மனு போட்ட சின்னசாமியா?" மேடத்தின் முகம் மாறியது. உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "நல்லதாப் போச்சு, உங்ககிட்டயே கேட்டுடறேன். உங்க கோரிக்கையை வாரியம் ஏத்துக்கிற மாதிரிதான் இருக்கு. ஊர்ல கொட்டகை போட்டு, கல்லைப் பழைய எடத்துக்குப் பக்கத்துலயே நட்டுக் குடுத்துடலாம். பராமரிப்புக்கும் உதவி வரும். அடுத்த மாசமே அனுப்பலாம். சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே எழுதிடுவேன்."

தாழிக்குப் பின்னால் நந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். போகட்டும், சாமி வீட்டுக்குப் போகட்டும். அதுதான் நியாயம். ஆனால் அடுத்த மாசம் ஒரு காலையில் கதவைத் திறந்தால் அந்த இடம் காலியாக இருக்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை.

சின்னசாமி துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"இப்ப வேணாங்கம்மா."

"என்னது?" என்றார்கள் மேடமும் ராஜேந்திரனும் ஒரே நேரத்தில்.

"வீட்ல கல்யாண வேல. ஆவணி கழியட்டும்."

"அப்ப புரட்டாசியில?"

"கொல்லையில மணிலாக்கொட்டை பறிக்கணும். அப்பறம் மழ வந்துடும். நெல்லு அறுப்பு வேற கீது. தை பொறக்கட்டும், பாக்கலாம்."

"நாலு வருஷமா மனு போட்டீங்களே ஐயா!" ராஜேந்திரனுக்குத் தாங்கவில்லை.

"போட்டேன். இல்லேன்னு சொல்லல. அவசரம் இல்லேன்றேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அதுவரைக்கும் கல்லு இங்க இருக்கிறதுல உங்களுக்கு மனக்குறை ஒண்ணும் இல்லையே? சரியாப் பாத்துக்கலைன்னு மனுவில எழுதியிருந்தீங்க."

சின்னசாமி தாழிப் பக்கம் திரும்பவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். அடுத்த ரூமுக்கே கேட்கிற மாதிரி.

"அது பாக்காம எழுதுனதுங்க. எங்க பொண்ணுதான் பாத்துக்கினு கீது. நல்லாத்தான் பாத்துக்குது."

எங்க பொண்ணு!

நந்தினி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சாமி ஊருக்குப் போய்விட்டால் இந்தப் படியேற இந்த மனுஷனுக்கு வேறு சாக்கு ஏது? அதற்குத்தான் மணிலாவும் மழையும் தையும். இத்தனை வருஷம் இவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஓடிப்போய் அப்பா என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும் போலிருந்தது. கூப்பிடவில்லை. எதிரே நிற்காதே என்று அம்மா சொன்னதும், தங்கையின் பத்திரிகையும் அவளை அங்கேயே பிடித்து வைத்திருந்தன.

அவள் எழுந்தபோது அவர் கேட் தாண்டிவிட்டார். ஜன்னல் வழியாக மஞ்சள் பை ரோட்டைக் கடந்து போவதுதான் தெரிந்தது.

* * *

மேடம் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து, "குடும்பத்தார் விருப்பப்படி தற்போது இங்கேயே" என்று சொல்லிக்கொண்டே எழுதுவது கேட்டது. ராஜேந்திரன் தலையை நீட்டினார். "அதைச் சீக்கிரம் எடும்மா, நந்தினி. நீதானே எடுக்கிற ஆளு" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

நந்தினி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முதலில் பத்திரிகையை எடுத்து மஞ்சள் தடவிய மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரிக்கவில்லை. அடுத்து துணி. வேடியப்பனுக்கு எப்போதும் வைக்கிற சிவப்புத் துண்டு.

அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது.

போன் அடித்தது. மேடம் எடுத்துவிடப் போகிறாரே என்று இடுப்பில் தாம்பாளத்தோடு ஓடினாள். நல்லவேளை, மேடம் எழுதி முடித்து மற்றப் பெட்டிகளைப் பார்க்க எழுந்து போயிருந்தார்.

"வெச்சாரா?" என்றாள் தங்கம்மாள். ஊருக்குப் போகாமல் பூத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். "நீ எதிர்ல வரலியே?"

"வரலம்மா. வெச்சுட்டாரு. எடுக்கிற ஆளு எடுத்துக்கட்டும்னுட்டுப் போனாரு."

தங்கம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப அது உனக்குத்தாண்டி. அந்த மனுஷனுக்கு வாய் வராது. துண்டையும் நீயே வெச்சுக்க, பூசாரிக்குத்தான் அது."

"துண்டு கீது. வேட்டியும் கீதும்மா."

"வேட்டியா? இன்னா வேட்டி?"

"எட்டு முழ வேட்டி. சரிகைக் கரை போட்டது. புதுசு, கடைப் பேப்பரோட."

அம்மா இன்னொரு ரூபாயைப் போடுகிற சத்தம் கேட்டது.

"நான் வேட்டி வெக்கலியே கண்ணு" என்றாள். "துண்டு மட்டும்தான மடிச்சு வெச்சு அனுப்புனேன்!"

முதல் பஸ்ஸில் வந்த மனுஷன் பத்து மணிவரை எங்கே போனார் என்பது இப்போது நந்தினிக்குப் புரிந்தது. தேரடித் தெருவில் ஜவுளிக்கடை திறக்க ஒன்பதரை ஆகும். அதுவரை கடை வாசலில் நின்றிருக்கிறார். மூணடி உயரச் சாமிக்கு எட்டு முழத்தில் வேட்டி எதற்கு?

வாசலில் பைக் சத்தம். மாறனுடைய வண்டி. அந்த சைலன்ஸர் ஓட்டைச் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

"அம்மா, அவரு வந்துட்டாரு."

"சொல்லுடி, சொல்லு. இன்னா சொல்றாருன்னு கேளு, நான் லைன்லயே இருக்கேன்..."

காசு தீர்ந்து லைன் போய்விட்டது. நந்தினி ரிசீவரை வைத்தாள். அப்பவும் வருவேன்னு சொல்லல என்று காலையில் அவன் சொன்னது காதில் அப்படியே இருந்தது. வேட்டியைப் பையில் போட்டு மறைத்து, சாயங்காலம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

பிறகு பேப்பரைப் பிரித்துப் போட்டுவிட்டு, வேட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.